ஐந்து மணிக்குச் சிரிக்கலாம்

சிரிக்க வைக்கிறேன் அண்ணா. சத்தியமாகச் சிரிக்க வைக்கிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இந்த லிஃப்ட் தரையிலேயே உட்கார்ந்து, "போதுண்டா சாமி, விட்டுரு" என்று நீங்களே கெஞ்சுகிற மாதிரி ஒரு கதை என்னிடம் இருக்கிறது. ஆனால் இப்போது இல்லை. முதலில் அந்தப் பொத்தானைக் குத்துவதை நிறுத்துங்கள். குத்தினால் நகராது. இது நூறு வருஷத்துப் பழைய லிஃப்ட். தடவிக்கொடுத்தால் போகும், அதட்டினால் முறைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் அம்மா மாதிரி.

தமிழ் ஆள் என்று எப்படிக் கண்டுபிடித்தேனா? லிஃப்ட் நின்ற நொடியில் "ஐயையோ" என்றீர்களே. இந்தச் சட்டமன்றக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றால் வேறு வேறு வார்த்தைகள் கேட்கும். "ஐயையோ" என்கிற ஆட்கள் நீங்களும் நானும்தான்.

மணி நாலு முப்பத்திரண்டு. தெரியும், நீங்கள் பார்த்த அதே கடிகாரத்தைத்தான் நானும் பார்த்தேன். ஐந்து மணிக்குள் தரைத்தளத்துக்குப் போய், தேர்தல் அலுவலகச் சன்னலில் அந்த நீலக் கோப்பைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதானே? வேட்புமனு கொடுக்க இன்றைக்குக் கடைசி நாள். இன்றைக்கு இந்தக் கட்டடத்தில் கோப்பைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறவருக்கு வேறு என்ன வேலை இருக்கும்? இன்னும் இருபத்தெட்டு நிமிஷம் இருக்கிறது. ஒன்றரை மாடிதான் கீழே. பதறாதீர்கள்.

கைபேசி எடுக்காது. சுவர் இரண்டு முழம் கருங்கல். இருங்கள், இந்தச் சல்லடை ஓட்டை இருக்கிறதே, இதில்தான் ஆள் கூப்பிட வேண்டும். வாயை ஒட்டவைத்துப் பேசினால்தான் கேட்கும். நீங்கள் கொஞ்சம் பின்னால் தள்ளி நில்லுங்கள். ஹலோ! ஹலோ! ஏர்ல் இருக்கிறாரா?

கேட்டீர்களா? சங்கிலி இறங்கிவிட்டதாம். பத்து நிமிஷம், மிஞ்சிப்போனால் பதினைந்து என்கிறார். கதவை உதைத்தால் இருபது. குரலைக் கவனித்தீர்களா, சரளைக்கல்லை வாளியில் கொட்டுகிற மாதிரி? நாற்பது வருஷச் சுருட்டு. லிஃப்ட் மெக்கானிக், நல்ல மனுஷர். சொன்னால் சொன்னபடி வந்துவிடுவார்.

என் பெயர் பொழிலன். இங்கே எல்லோருக்கும் பால். குடிக்கிற பால் இல்லை, ஞானஸ்நானம் பண்ணின பால். ஆறாவது வரைக்கும் திருச்செங்கோட்டில் படித்தேன், இப்போது இந்த நாட்டில் பதினொன்றாவது. அம்மாவுக்கு மூன்றாம் மாடிச் சட்டமன்ற நூலகத்தில் வேலை. பள்ளிக்கூடம் விட்டால் ஐந்தரை வரைக்கும் நான் இங்கேதான். உங்கள் பெயர்... சரி, வேண்டாம், சொல்லாதீர்கள். வேண்டாம் அண்ணா! அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது, யாருக்காகப் போகிறீர்கள், எதையும் சொல்லாதீர்கள். எனக்கு வாய் நிற்காது. ஒரு ரகசியத்தை என்னிடம் கொடுத்தால் நாலு பேர் குரலில் நாலு இடத்தில் சொல்லிவிடுவேன்.

ஆமாம், குரல். அதுதான் என் வியாதி. போன வருஷம் தொண்டை உடைந்தது. எல்லாப் பையன்களுக்கும் ஒரு குரல் போய் ஒரு குரல் வரும். எனக்கு ஒன்று போய் நாற்பது வந்தது. பள்ளி முதல்வர், பக்கத்து வீட்டு நாய், அம்மா, அப்பா தூக்கத்தில் உளறுவது. அம்மா குரலில் அப்பாவைக் கூப்பிட்டு, பால் வாங்கி வரச் சொல்லி மூன்று தடவை கடைக்கு அனுப்பினேன். இது குடிக்கிற பால். இதுவா சிரிப்பு என்று பார்க்காதீர்கள். சிரிப்பு இன்னும் வரவில்லை. வரும்.

உங்களுக்கு மெர்வின் டேகெட்டைத் தெரியும்தானே? தெரியாமல் எப்படி? அவருடைய லிஃப்டில்தான் நிற்கிறோம். உறுப்பினர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தாலும், அவையிலேயே மூத்த உறுப்பினர் யாரோ அவருக்குத்தான் இந்த லிஃப்ட் சொந்தம் மாதிரி. அது அவர்தான். நாற்பத்து நாலு வருஷம். இருபத்திரண்டு தடவை ஜெயித்திருக்கிறார். அவர் முதல்தடவை வந்தபோது வாயிலில் நட்ட மரத்தைப் போன மாசம் வயசாகிவிட்டது என்று வெட்டிவிட்டார்கள். அவர் இன்னும் இருக்கிறார்.

நான் அவரிடம் மாட்டியதே ஒரு கூத்து. இங்கே தீர்மானம் வந்தால் குரல் வாக்கெடுப்பு நடக்கும். நம்ம ஊர்ச் சட்டசபையில் "ஆம் என்போர் ஆம் என்க" என்பார்களே, அதேதான். ஆனால் இங்கே ஆமுக்கு என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "ஐ!" முதல்தடவை மேல்மாடத்தில் உட்கார்ந்து கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. எழுபது வயசு, எண்பது வயசு, கோட்டு, டை, காதில் மெஷின். சபாநாயகர் கேட்டதும் வரிசையாக "ஐ! ஐ! ஐ!" ஐஸ் வண்டி மணி கேட்ட பிள்ளைகள் மாதிரி. நான் தினம் போய் உட்கார ஆரம்பித்தேன். அதில் டேகெட்டின் "ஐ" தனி. கிணற்றுக்குள்ளிருந்து வாளி ஏறி வருகிற மாதிரி இழுவையாக வரும். ஒரு நாள் மாநிலத்துக்கு அதிகாரபூர்வமான காளான் எது என்று வாக்கெடுப்பு. டேகெட் தூங்கிக்கொண்டிருந்தார். பொறுக்குமா எனக்கு? மேலேயிருந்து விட்டேன் ஒரு "ஆ...ய்ய்!" சபாநாயகர், "டேகெட் ஆதரவு, நிறைவேறியது" என்று சுத்தியலைத் தட்டிவிட்டார். காளான் ஜெயித்துவிட்டது. டேகெட் விழித்துப் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், அப்புறம் நேராக மேலே என்னைப் பார்த்தார்.

கூப்பிட்டு அனுப்பினார். அம்மா வேலை போச்சு, நாம் தொலைந்தோம் என்று போனேன். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? அவர் ஆங்கிலம் அவர் ஊர்ப்பக்கத்து ஆங்கிலம், வாயைவிட்டு இறங்க மனசில்லாமல் இழுக்கும். அதைத் தமிழில் சொல்ல எங்கள் ஊர்ப் பேச்சு ஒன்றுதான் வழி. அப்படியே கொடுக்கிறேன்.

"இன்னொருக்கா சொல்லு கண்ணு."

சொன்னேன்.

"என்ற கொரலு எனக்கே பயமா இருக்குது போ. லொரெய்னு மாதிரி வருமா?"

லொரெய்ன் அவருடைய அலுவலகத்தை நடத்துகிறவர். இருபத்தாறு வருஷமாக. குரல் ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி இருக்கும். "மிஸ்டர் டேகெட், இதில் ஒரு கையெழுத்து. இதில் ஒன்று. இதைப் படிக்க வேண்டாம். இதில் ஒன்று." அவ்வளவுதான், மனுஷர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்த வேகத்தில் புதுப் பல் செட் கழன்று மேசையில் விழுந்து, அதுவும் தனியாக ஒரு நொடி சிரித்தது.

அட, லேசாக உதடு அசைந்ததே உங்களுக்கு! பல் செட் என்றதும் அசைந்தது. அடக்கிக்கொள்ளுங்கள். இது இல்லை, பெரியது பின்னால் இருக்கிறது.

நாலு நாற்பது. ஆமாம். ஏர்லை இன்னொரு தடவை கூப்பிடட்டுமா? ஹலோ! ஏர்ல்! ...பார்த்தீர்களா, எண்ணெய் போடுகிறாராம். ஐந்து நிமிஷம்.

அன்றிலிருந்து தினம் நாலு மணிக்கு அவர் அறைக்குப் போவேன். நான் குரல் கொடுப்பேன், அவர் கதை கொடுப்பார். அண்ணா, அந்தக் கதைகளைக் கேட்டால்தான் தெரியும், அந்த மனுஷர் எப்படி மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று. வெளியே எல்லோரும் என்ன நினைக்கிறார்கள்? நாற்காலியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார் கிழவர் என்று. நாற்காலிதான் அண்ணா அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"நான் ஆசப்பட்டு வல்லை கண்ணு. ஆத்துக்குக் குறுக்க ஒரு பாலம் வேணும்னு அல்லாரும் கேட்டாங்க. அந்தப் பாலத்துக்கோசரம் வந்தேன். ரெண்டு வருசம், பாலத்தெக் கட்டிப்போட்டுத் தீவனக் கடைக்கே போயர்றதுன்னு வந்தவன். உள்ள வந்த கதவு தெரியுது. வெளிய போற கதவெ எவனும் காட்ட மாட்டேங்கறான்."

பாலம்? ஒரு தூண் நிற்கிறது ஆற்றில். ஒவ்வொரு தேர்தலுக்கும் "தூண் வந்துவிட்டது, மீதியும் வரும்" என்பார்கள். பையன்கள் அதிலிருந்து குதித்து விளையாடுவார்கள். பாலம் முடிந்தால் அவர் போய்விடலாம், பாவம். முடியவே மாட்டேன் என்கிறது. என்ன ஒரு தலைவிதி பாருங்கள்.

போகப் பார்க்காமல் இல்லை. பத்து, பன்னிரண்டு தடவை ஜெயித்ததுமே அலுத்துவிட்டது. அந்தச் சமயம் எட்னா என்று ஒரு டீச்சர் அவரை எதிர்த்து நிற்கப் போவதாகப் பேச்சு. ஊரே அந்தம்மாவிடம் படித்த ஊர். நின்றால் ஜெயித்திருப்பார். டேகெட் என்ன செய்தார் தெரியுமா? கோபப்பட்டாரா? அவராவது! அந்தம்மாவைக் கௌரவிக்க வேண்டும் என்று அவரே அவையில் ஒரு பாராட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். முப்பது வருஷ ஆசிரியப் பணி. கூப்பிட்டு நடு அவையில் நிற்கவைத்து ரோஜா மாலை போடாத குறை. உறுப்பினர் ஒவ்வொருவராக எழுந்து பாராட்டுகிறார்கள். பாராட்டு வாங்குகிறவர் தீர்மானம் நிறைவேறுகிற வரைக்கும் அவையை விட்டு நகரக் கூடாது, அது இங்கே மரபு. நாற்பத்தொரு பேர் பேசினார்கள். டேகெட் கடைசியாகப் பேசினார், தன் எழுத்துப்பிழையை அந்தம்மா திருத்தினதைச் சொல்லி அழுதேவிட்டார். தீர்மானம் நிறைவேறி எல்லோரும் "ஐ!" என்றபோது மணி ஐந்து பத்து.

அன்றைக்கு வேட்புமனுவுக்குக் கடைசி நாள். அந்தம்மாவின் மனு கைப்பையிலேயே இருந்தது. பாவம், பாராட்டில் மறந்துபோய்விட்டது போல. வேறு ஆள் இல்லையே என்று டேகெட் மறுபடி மாட்டிக்கொண்டார். நல்லது செய்யப் போய் எப்படி வந்து விடிகிறது பாருங்கள் அவருக்கு.

என்ன கேட்டீர்கள்? அன்றைக்குத்தான் தீர்மானம் என்று நாள் குறித்தது யார் என்றா? அவரேதான்! அதைத்தானே சொல்கிறேன். அவருக்கு நாள் நட்சத்திரமெல்லாம் பார்க்கத் தெரியாது.

அப்பாடா, உட்கார்ந்துவிட்டீர்கள். அதுதான் நல்லது. நின்றால் கால் வலிக்கும். ஏன் இப்படி வேர்க்கிறது உங்களுக்கு? மேலே விசிறி ஓடுகிறதே. கோப்பை என்னிடம் கொடுங்கள், பிடித்துக்கொள்கிறேன். சரி சரி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பறிக்க மாட்டேன்.

அப்புறம் ஓர் ஆப்பிள் தோட்டக்காரர். அதுவும் இப்படித்தான். கடைசி நாள், கடைசி நேரம், தரைத்தளச் சன்னலில் நின்று சட்டைப்பையைத் தடவுகிறார், பேனா இல்லை. பக்கத்தில் யார் நிற்கிறார்? டேகெட். தன்னை எதிர்த்து மனுப்போட வந்தவனுக்குத் தன் பேனாவை எடுத்துக் கொடுத்தார். யார் கொடுப்பார்கள் அண்ணா? "எழுதுங்க, என்ற பேனா நல்லா எழுதும்" என்று. அந்தப் பேனாவைப் பார்த்திருப்பீர்களே. பச்சை மை. எப்போதும் பச்சை மைதான். ஒழுகுகிற பழைய பேனா, அவர் கட்டைவிரல் வருஷம் முழுக்கப் பச்சையாகத்தான் இருக்கும். நம்ம ஊராக இருந்தால் கெஸட்டட் ஆபீசர் என்று கும்பிட்டு வாங்கியிருப்பார்கள். இங்கே விதி வேறே. வேட்புமனு கறுப்பு மையில்தான் இருக்க வேண்டும். தள்ளுபடி. ஆப்பிள்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். டேகெட் மறுபடி உள்ளே. அந்தக் கதையைச் சொல்லும்போது தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒதவி பண்ணுனது தப்பாக் கண்ணு?"

தப்பே இல்லை என்றேன். 

தன் மனுவையா? அதை எந்த மையில் எழுதினார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நல்ல கேள்வி கேட்கிறீர்கள் போங்கள். லொரெய்ன் எழுதியிருப்பார்.

நாலு ஐம்பத்தொன்று. ஏர்லா? இதோ, அவரே கூப்பிடுவார். சொல்லியிருக்கிறாரே.

இதைக் கேளுங்கள், இது முக்கியம். இந்த அவையில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தொடரின் கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு எல்லாம் முடிய வேண்டும் என்பது சட்டம். வேலை முடியவில்லை என்றால்? கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள்! விளையாட்டில்லை அண்ணா. ஐந்து ஐம்பத்தெட்டுக்கு ஓர் ஆள் ஏணி வைத்து ஏறிச் சுவர்க்கடிகாரத்தின் பெண்டுலத்தைப் பிடித்துவிடுவார். அப்புறம் எவ்வளவு நேரம் ஆனாலும் அவைக்குள் மணி ஐந்து ஐம்பத்தெட்டுதான். குறிப்பேட்டிலும் அப்படித்தான் எழுதுவார்கள். நாற்பது வருஷமாக ஏணி ஏறுகிறவர் டேகெட். எழுபத்தேழு வயசிலும் அவர்தான். "வெளிய ஓடற மணி வேற, உள்ள ஓடற மணி வேற கண்ணு. எந்த மணியெ எப்ப நிறுத்தோணும்னு தெரிஞ்சவன்தான் இங்க இருக்க முடியும்" என்பார். ஒரு நாள் ஏணியில் பாதியில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னார்: "நிறுத்துனது நாந்தான், ஆனா நின்னுபோனதும் நாந்தான்." எவ்வளவு சோகம்!

எனக்கு அந்த மனுஷரை நினைத்தால் தூக்கமே வராது அண்ணா. வெளியே போக அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். இல்லை. நிற்கமாட்டேன். முடியாது. அந்த வார்த்தை அவர் வாயிலேயே இல்லை. நாற்பத்து நாலு வருஷம் "ஐ" சொல்லிச் சொல்லி நாக்கு அதற்கே வளைந்துவிட்டது. லொரெய்ன் வந்து, "இந்தத் தடவையும் நிற்கிறீர்கள்" என்பார். இவர் "ஐ" என்பார். அவருடைய பிறந்தநாள் வாழ்த்துகளுக்கான நன்றி அட்டைகள் நாற்பதுக்கு நடுவில் வேட்புமனுவைச் செருகிக் கையெழுத்து வாங்கிவிட்டார்களாம் இந்தத் தடவை. மனு அறையை விட்டுப் போன பிறகுதான் அவருக்கே தெரிந்ததாம். சொல்லும்போது மேசையில் தலையை வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. அழுகிற மனுஷரை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

சிரிப்பா? வந்துவிட்டது அண்ணா, வாசலில் நிற்கிறது. இன்னும் நாலே நிமிஷம். ஆரம்பத்தில் கதவை உதைத்தீர்கள், இப்போது கோப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறீர்கள். கதை பிடித்துவிட்டது. எனக்குத் தெரியும். கதை பிடித்தவர்கள் இப்படித்தான் உட்காருவார்கள்.

இதோ. கேளுங்கள். மேலே குவிமாடத்து மணி.

ஒன்று.

இரண்டு.

மூன்று. கண்ணை ஏன் மூடிக்கொள்கிறீர்கள்?

நாலு.

ஐந்து.

எழுந்திருங்கள் அண்ணா! இப்போது சிரிக்கலாம்! லிஃப்ட் கெட்டுப்போகவே இல்லை. இதோ பாருங்கள் சாவி, மூத்த உறுப்பினரின் சாவி. இந்த ஓட்டையில் போட்டு இடது பக்கம் திருப்பினால் நிற்கும், வலது பக்கம் திருப்பினால் போகும். நீங்கள் கோப்பைக் கட்டிக்கொண்டு மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது திருப்பினேன். ஏர்லா? ஏர்ல் வியாழக்கிழமை மூன்று மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவார்! "சங்கிலி எறங்கிப்போச்சு, கதவெ ஒதைக்காதீங்க, ஒதைச்சா இருபது!" நான்! சல்லடையில் வாயை வைத்துக்கொண்டு நானே கூப்பிட்டு நானே பதில் சொன்னேன். நீங்கள் அந்த ஓட்டையைப் பார்த்து "தாங்க் யூ சார்" வேறே சொன்னீர்கள்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. லொரெய்ன் அனுப்பினார், நீங்கள் தூக்கிக்கொண்டு வந்தீர்கள், உங்கள் வேலை அது. ஆனால் உங்கள் கையில் இருந்தது ஒரு மனுஷரின் இன்னும் இரண்டு வருஷம் அண்ணா. டேகெட்தான் என்னிடம் கெஞ்சினார். போன வியாழன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அரை மணி நேரம் கண்ணு. உங்காளு ஒருத்தரு நாலரைக்கு மெம்பரு லிப்டுல வருவாரு. நீலக் கோப்பு. அதுல என்ற மனு இருக்குது. அஞ்சைத் தாண்டுச்சுன்னா நான் தப்பிச்சேன். அவருகிட்டச் சிரிக்க வெக்கறேன்னு சொல்லு, ஆனாச் சிரிக்க வெச்சுறாத. சிரிச்சு முடிச்சவன் கடியாரத்தெப் பாப்பான். சிரிப்பு வருது வருதுன்னு இருக்கறவன் எங்கியும் போகமாட்டான். நாப்பத்திநாலு வருசமா நான் பேசுனதெல்லாம் அப்படித்தான்."

என்ன மூளை! மாட்டிக்கொண்டிருக்கிற மனுஷருக்கே இவ்வளவு மூளை என்றால்...

பார்த்தீர்களா! சிரிக்கிறீர்கள்! நான் சொன்னேனா இல்லையா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள் என்று... அண்ணா, போதும். அண்ணா? இது ஒரு மாதிரியாக இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வருகிறதே. இவ்வளவு சிரிப்பு இதில் இல்லையே.

என்ன? நானே திறந்து பார்ப்பதா? எதற்கு? டேகெட்டின் மனுதானே. சரி, கொடுங்கள்.

மாநிலப் பிரதிநிதிகள் அவை. நாற்பத்தேழாம் தொகுதி. ஆமாம், டேகெட்டின் தொகுதிதான். வேட்பாளர்... அருள்வாணன் சிவக்கொழுந்து. இது யார்? தொழில், பல் மருத்துவர். வசிப்பது...

நீங்களா?

இல்லை, இருங்கள். நீங்களா நிற்கிறீர்கள்? அவரை எதிர்த்தா? எதிர்த்து இல்லை... அவரே சொன்னாரா? எங்கே? உங்கள் நாற்காலியிலா? புதுப் பல் செட்டுக்கு அளவெடுக்கும்போதா? என்ன சொன்னார், அப்படியே சொல்லுங்கள். ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்லுங்கள்.

"இந்தவாட்டி நான் நிக்கலீங் டாக்டரே. எனக்குப் பொறவு நீங்கதான். ஆனா முன்னாடியே மனுவெக் குடுத்துப்போடாதீங்க, நாலு பேரு போட்டிக்கு வந்துருவாங்க. கடசி நாளு, நாலரை மணிக்கு வாங்க. என்ற லிப்டுலயே வாங்க, எவனும் பாக்கமாட்டான்."

இல்லை அண்ணா, நான் அவர் குரலில் சொல்லவில்லை. நீங்கள் சொல்லச் சொல்ல என் வாயில் அதுவாக அவர் குரலில் வருகிறது. நிறுத்த முடியவில்லை.

அப்படியென்றால் அவர் மனு எங்கே? லொரெய்னிடம்... இல்லை, நன்றி அட்டைக்கு நடுவில்... அட்டை. நாற்பது அட்டை. அவருடைய பிறந்தநாளுக்கு நான் கேக் வெட்டினேன். அது அக்டோபர் அண்ணா. இது மார்ச்.

எட்னா டீச்சர் மறந்துபோனார் என்று சொன்னேன் இல்லையா? உங்களிடம் நான்தானே சொன்னேன்?

இருங்கள், திறக்கிறேன். வலது பக்கம். இதோ, இறங்குகிறது. சத்தமே இல்லாமல் இறங்குகிறது பாருங்கள், ஒரு கோளாறும் இல்லை இதற்கு.

சன்னலை இப்போதுதான் இழுத்துச் சாத்துகிறார்கள். அந்தப் பக்கத்து ஆள் முத்திரையைத் துடைத்து வைக்கிறார். லொரெய்ன் நிற்கிறார். பக்கத்தில் அவர். கோட்டுப் பையில் பேனாவைச் செருகுகிறார். என்னைப் பார்த்துவிட்டார் அண்ணா, சிரிக்கிறார், கையை ஆட்டுகிறார்.

அந்தக் கையைப் பாருங்கள். கட்டைவிரலைப் பாருங்கள்.

கறுப்பு.